குப்பாயத்தின் வெட்டு: ஒல்லாந்தர் காலத்துக் கற்பிட்டிக் கரையில் நம் பெண்களின் உடை

நம் பெண்களின் உடையைப் பற்றி இன்று பேசாத வாயில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு முகத்தை மூடும் உடை அவசரகால விதிகளின் கீழ் தடைசெய்யப்பட்டபோது அந்தப் பேச்சு இன்னும் கூடியது. வெளியில் உள்ளவர்கள், "உங்கட பெண்கள் முன்னம் இப்படி உடுக்கவில்லையே, இதெல்லாம் அரபு நாட்டிலிருந்து நேற்று வந்தது" என்கிறார்கள். நம்மவரில் சிலரோ, "முன்னைய பெண்களுக்கு உடுக்கத் தெரியாது, இப்போதுதான் ஒழுங்கு வந்தது" என்கிறார்கள். இரு தரப்பாரும் ஒருவரோடொருவர் சண்டை பிடித்தாலும் ஒரு விடயத்தில் ஒத்துப்போகிறார்கள். 'முன்னம்' என்று ஒன்று இருந்தது, அதில் நம் பெண்களுக்குச் சொந்தமாக ஓர் உடை இருக்கவில்லை என்பதே அது.

நான் எத்தாளையில் தையல் வேலை செய்பவள். அந்த 'முன்னம்' எது என்று தேடிப் பார்க்க விரும்பினேன். பாட்டியின் காலத்தோடு நிற்காமல், ஒல்லாந்தர் கற்பிட்டிக் கோட்டையில் இருந்த 18ஆம் நூற்றாண்டுவரை போனேன். ஏட்டில் கிடைத்ததை ஏட்டிலும், கிடைக்காததை ஊசியிலும் தேடினேன். அந்தத் தேடலின் விபரமே இக்கட்டுரை.

கரையும் புடவையும்

எத்தாளை, ஒருபுறம் புத்தளம் களப்பும் மறுபுறம் பெருங்கடலுமாகக் கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்து ஊர். இந்தத் தீபகற்பத்தின் முனையை ஒல்லாந்தர் 1659இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். 1667 முதல் 1676 வரை அங்கே கோட்டை கட்டினார்கள். புத்தளத்துறை கண்டி அரசனுடைய வாசல். அதற்குள் போகும் தோணி களப்பின் வாயைக் கடந்தே ஆகவேண்டும். வாயில் கோட்டை இருந்தால், உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வெளியே போனது முக்கியமாகப் பாக்கு. உள்ளே வந்தவை அரிசியும் புடவையும். கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் மரைக்காயர்களும் பிற சோனக வணிகரும் மன்னார்க் குடாவைக் கடந்து சோழமண்டலக் கரையின் துணியை இங்கே கொண்டுவந்தார்கள், பாக்கை ஏற்றிப் போனார்கள். ஒல்லாந்தக் கம்பனிக்கு இது பொறுக்கவில்லை. துணியும் பாக்கும் தன் கையாலேயே மாறவேண்டும் என்று விரும்பியது. சோனகர் மீது ஊழியக் கடமையைச் சுமத்தியது. தோணிகளுக்கு அனுமதிச் சீட்டுக் கேட்டது. 1766 பெப்ரவரியில் கண்டி அரசனோடு செய்த உடன்படிக்கையால் கரையோரம் முழுவதையும் தனதாக்கிக்கொண்டது. ஆயினும் 1795இல் பிரித்தானியர் வரும்வரை புடவை களவாகவும் வெளிப்படையாகவும் இந்தக் களப்பில் வந்து இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கம்பனியின் கணக்கேடுகளில் துணி இருக்கிறது. எந்தத் துறைமுகத் துணி, என்ன தரம், எத்தனை கட்டு என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். சோழமண்டலத்தில் துணியின் தரத்தைப் புஞ்சத்தால் அளந்தார்கள். ஒரு புஞ்சம் 120 பாவு நூல். எட்டுப் புஞ்சத் துணி என்றால் அதன் அகலத்தில் 960 நூல் ஓடும். புஞ்சம் கூடக்கூடத் துணி நெருக்கமாகும், விலையும் ஏறும். இப்படி நூலை எண்ணி எழுதியவர்கள், அந்தத் துணி கரையேறிய பிறகு எந்தப் பெண்ணின் உடம்பில் எப்படி இருந்தது என்று எழுதவில்லை. அது அவர்களுக்குத் தேவைப்படவுமில்லை.

பெண்களின் உடையைப் பற்றி அந்தக் கம்பனி வாய் திறந்த சந்தர்ப்பமும் உண்டு. 1754இல் பத்தாவியாவில் ஆளுநர் நாயகம் யாக்கோப் மொசல் ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்த ஒரு நீண்ட சட்டம் போட்டார். எந்தப் பதவிக்காரனின் மனைவி பட்டு உடுக்கலாம், எவ்வளவு நகை அணியலாம், யாருக்குக் குடை பிடிக்கலாம் என்றெல்லாம் அதில் வகுத்தார். அரசுகள் பெண்ணின் உடையைப் பற்றிப் பேசும்போது பெண்ணைப் பற்றிப் பேசுவதில்லை, யார் மேல் யார் கீழ் என்பதைத்தான் பேசுகின்றன. இது நம் காலத்துப் புதுமை அல்ல.

சொற்களின் சாட்சி

துணி உக்கிப்போகும். அதிலும் களப்புக் கரையின் உப்புக் காற்றில் பருத்தி விரைவாகவே உக்கும். உக்காமல் இருந்ததையும் நாம் விடுவதில்லை. பழைய சீலை ஏணையாகும், ஏணைத் துணி பாயின் மேல் விரிப்பாகும், விரிப்பு கடைசியில் அடுப்படித் துணியாகும். ஆனால் சொல் அவ்வளவு சீக்கிரம் உக்காது.

ஊரில் வயது போன ஒரு மூத்தம்மாவிடம், முன்னைய பெண்கள் மேலுக்கு என்ன போட்டார்கள் என்று கேட்டேன். "குப்பாயம் போட்டது மகள். உம்மாட உம்மா போட்டது. இப்ப ஆர் போடுற?" என்றார். கைகளால் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "கை முழுக்க இருக்கும். கழுத்துல ஒரு கீறல். அவ்வளவுதான்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் நீண்ட தூரம் போகலாம். குப்பாயம் தமிழில் மிகப் பழைய சொல். சீவக சிந்தாமணியிலேயே அது வருகிறது. அங்கே குப்பாயம் அணிந்திருப்பவன் ஒரு மிலேச்சன், வேற்று நாட்டான். உடம்பைச் சுற்றும் துணியே வழக்கமாயிருந்த நாட்டில், வெட்டித் தைத்த சட்டை வேற்றாளின் அடையாளமாயிருந்தது. பல நூற்றாண்டுக்குப் பிறகு பார்த்தால், மலையாளக் கரையில் மாப்பிளைப் பெண்ணின் உடை கச்சி, குப்பாயம், தட்டம் என்று மூன்றாக இருக்கிறது. இடுப்பில் கச்சி, மேலே நீண்ட கைக் குப்பாயம், தலையில் தட்டம். நம் கரையிலும் அதே குப்பாயம் மூத்தம்மாவின் வாயில் இருக்கிறது. அந்நியனின் கோட்டைக் குறித்த சொல் முஸ்லிம் பெண்ணின் மேற்சட்டைக்கு வந்து தங்கிவிட்டது. சொல் தமிழாகவே இருக்க, அதை உடுத்தும் ஆள் மாறியிருக்கிறாள்.

மற்றச் சொற்களையும் பாருங்கள். நாம் இன்றும் துணிக்கடையைப் 'புடவைக்கடை' என்கிறோம். தமிழ்நாட்டில் புடவை என்றால் சேலை. நமக்கு அது துணி முழுவதுக்கும் பொதுப்பெயர், ஏனென்றால் இங்கே துணி என்பது தோணியில் வந்த புடவைக்கட்டு. 'துப்பட்டி' காயலிலும் கீழக்கரையிலும் பெண்கள் மேலே போர்த்தும் வெள்ளைத் துணி. அதே சொல் சிங்களத்தில் கண்டிப் பிரதானிகள் இடையில் சுற்றும் துணிக்குப் பெயராகப் போயிருக்கிறது. நமது 'சட்டை' சிங்களத்தில் 'ஹெட்டய' ஆயிற்று. பூ எழுதிய 'சீத்தை' போர்த்துக்கேயர் வாய்வழி இரு மொழிக்கும் வந்தது. 'லேஞ்சி'யும் 'ரேந்தை'யும் 'பொத்தானும்' அவர்கள் விட்டுப்போனவை. சாரம் மலாயரிடமிருந்து வந்தது. ஆண்கள் உடுக்கும் 'பளையக்காட்' சாரத்தின் பெயரில் பழவேற்காடு இருக்கிறது. 1690 வரை சோழமண்டலத்தில் ஒல்லாந்தரின் தலைமை இடம் அதுதான்.

ஒரு வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து அதிலுள்ள உடைகளின் பெயரைச் சொன்னால் போதும், இந்தக் கரைக்கு யார் யார் வந்தார்கள் என்ற வரலாறு வரிசையாக வரும்.

சாயவேரும் சீத்தையும்

அந்தப் புடவையின் நிறத்திலும் நம் மண்ணுக்குப் பங்கு உண்டு. சோழமண்டலத்துச் சிவப்பு என்று உலகம் புகழ்ந்த நிறம் சாயவேரிலிருந்து வந்தது. அது மணற்பாங்கான நிலத்தில் முளைக்கும் சிறு பூண்டு. வேர்தான் சாயம். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அதைத் தோண்டினார்கள். கம்பனி அதையும் குத்தகைக்கு விட்டு வருமானமாக்கியது. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தத் தளபதியாக இருந்த ஹென்ட்ரிக் ஸ்வார்டெக்ரூன் 1697இல் தனக்குப் பின் வருவோருக்காக எழுதிவைத்த நினைவுக்குறிப்பில் சாயவேரைப் பற்றித் தனியாகவே எழுதுகிறார். இலங்கை மணலில் தோண்டிய வேர் அக்கரை போய்த் துணியில் சிவப்பாகி, திரும்பவும் தோணியேறி இங்கே வந்தது.

அந்தத் துணி எப்படி எழுதப்பட்டது என்பதைக் கூர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742இலும் 1747இலும் எழுதிய கடிதங்களில் விபரித்திருக்கிறார். துணியை முதலில் கடுக்காய் கலந்த எருமைப்பாலில் நனைத்துக் காயவைப்பார்கள். இரும்பு ஊறிய நீரால் கறுப்புக் கோடு இழுப்பார்கள். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரம் பூசி, சாயவேரோடு கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும், மற்ற இடம் அலசி வெயிலில் போட வெளுத்துவிடும். நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் தோய்ப்பார்கள். இத்தனை வேலைக்குப் பிறகும் அந்தத் துணியைத் துவைக்கலாம், நிறம் போகாது. ஐரோப்பா மயங்கியது இதற்குத்தான். அங்குள்ள நெசவாளர் பயந்துபோய், பிரான்சில் 1686 முதல் 1759 வரை இந்தத் துணிக்குத் தடை போடவைத்தார்கள். இங்கிலாந்திலும் 1721இல் சட்டம் வந்தது. ஒல்லாந்தில் தடை வரவில்லை. அந்நாட்டின் ஹிண்டலோப்பன் ஊர்ப் பெண்கள் சோழமண்டலச் சீத்தையில் நீண்ட மேலங்கி தைத்து உடுத்தார்கள்.

18ஆம் நூற்றாண்டில் கடற்கரை ஒல்லாந்துப் பெண்ணும் கடற்கரைப் புத்தளத்துப் பெண்ணும் ஒரே கரையில் நெய்து எழுதிய துணியை உடுத்தார்கள். ஒருத்தியின் உடை கண்ணாடிப் பெட்டிக்குள் நூதனசாலையில் இருக்கிறது. மற்றவளின் உடை அடுப்படித் துணியாகப் போனது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஊசி பிடித்தபோது

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 18ஆம் நூற்றாண்டு உடையை ஆராய்ந்து மீண்டும் தைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழி திறந்தவர் ஜேனட் ஆர்னல்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி. நூதனசாலைகளில் இருந்த பழைய உடைகளை அங்குலம் அங்குலமாக அளந்து, வெட்டுப் படங்களாக்கி 1964 முதல் நூல்களாக வெளியிட்டார். நம்மிடம் அளக்க உடை இல்லாதபோது வேறு வழியில் போகவேண்டும். துணியின் அகலம், அக்காலத்துக் கருவி, சொல்லின் நினைவு, பக்கத்துக் கரைகளில் இன்னும் உயிரோடிருக்கும் வெட்டு ஆகிய நான்கையும் வைத்து ஒரு குப்பாயத்தைத் தைத்தேன்.

முதலில் இன்றைய பழக்கத்தை மறக்கவேண்டும். தையல் மெசின் 19ஆம் நூற்றாண்டின் சாமான். வளைவாக வெட்டிய அக்குள், வளைவாக வெட்டிய கழுத்து இரண்டையும் கைத்தறித் துணி விரும்புவதில்லை. வெட்டிய இடம் நூல் நூலாகப் பிரியும். நூலோட்டத்தில் நேராக வெட்டினால் பிரிவது குறையும். இன்னொன்று, துணி காசு. அகலம் முழுவதும் பயன்படவேண்டும், குப்பைக்கு ஒன்றும் போகக்கூடாது.

நான் எடுத்தது இரண்டு முழ அகலமுள்ள, அதாவது 36 அங்குலக் கைத்தறி. நீளம் ஐந்து முழம், 90 அங்குலம். உடம்புத் துண்டு 20 அங்குல அகலம், 72 அங்குல நீளம். அதைத் தோளில் மடித்தால் முன்னும் பின்னும் ஒரே துண்டு, தோளில் தையலே இல்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். பக்கத்தில் 16 அங்குலப் பட்டை மிஞ்சும். அதில் 27 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை கீறினால் நான்கு முக்கோணம். இவை இரு பக்கமும் இறங்கி அடியை விரிக்கும். துணியின் கடைசிப் பகுதியில் 18 அங்குல அகலமும் 16 அங்குல நீளமுமாக இரண்டு கைகள் அருகருகே வந்துவிடும். பட்டையில் மிஞ்சிய துண்டில் அக்குளுக்கு இரண்டு சதுரமும் கழுத்துக்கு உட்பட்டியும். கணக்குச் சரியாக முடிந்தபோது கையில் மிஞ்சியது ஒரு பிடி.

அந்த அக்குள் சதுரம்தான் இந்த உடையின் உயிர். அது இல்லாமல் நேரான கையை நேரான உடம்பில் தைத்தால் கையைத் தூக்கியதும் சட்டை முழுவதும் மேலே வரும், இல்லாவிட்டால் அக்குளில் கிழியும். சதுரத்தைச் சாய்த்து வைத்துத் தைத்ததும் கை எந்தப் பக்கமும் போகிறது. போட்டுப் பார்த்தேன். கிணற்றில் வாளி இழுத்தேன், முறத்தில் புடைத்தேன், சுஜூதில் போனேன். உடை எங்கும் இழுக்கவில்லை, எங்கும் விலகவுமில்லை. உள்ளே குந்தியிருக்கும் பெண்ணுக்காக வெட்டிய உடை இப்படி இருக்காது. வேலை செய்யும் பெண்ணுக்காக, அதுவும் மறைவு குலையாமல் வேலை செய்யவேண்டிய பெண்ணுக்காக, யாரோ யோசித்து வெட்டியது இது. தொழுகைக்கென்று தனியாக வேறொன்று தேடவும் தேவையில்லை. தலையில் துணியை இழுத்தால் போதும்.

தையலை ஓட்டுத்தையலாகப் போட்டு, ஓரத்தை மடித்து மறுபடியும் தைத்தேன். அப்படிச் செய்தால் உள்ளே நூல் பிரியாது, உட்புறமும் வெளிப்புறமும் ஒன்றுபோல் இருக்கும். கணக்குப் பார்த்தால் இரட்டைத் தையலும் அடிமடிப்புமாக ஏறக்குறைய 700 அங்குலம். அங்குலத்துக்குப் பத்து என்றால் 7000 தையல். ஒன்பது இரவு இருந்தேன். தங்கச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "மெசின்ல அடிச்சா ஒரு மணித்தியாலம் ராத்தா" என்றாள். உண்மைதான். ஆனால் 7000 தையல் போட்ட ஒருத்திக்குத் தன் உடையின் பெறுமதி தெரியும். அதை ஏன் ஏணையாகவும் விரிப்பாகவும் கடைசி நூல்வரை பாவித்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒரே வெட்டு, பல கரைகள்

குப்பாயத்தைத் தைத்து முடித்துப் பக்கத்துக் கரைகளைப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. மலாயரின் பாஜு குரூங் இதே வெட்டுத்தான். அவர்கள் அக்குள் சதுரத்தைக் 'கெக்கெக்' என்றும் பக்கத்து முக்கோணத்தைப் 'பெசாக்' என்றும் சொல்கிறார்கள். ஒல்லாந்தர் படையோடு மலாயக் குடும்பங்கள் இந்தத் தீவுக்கு வந்தன. அரபுக் கரையின் பழைய தோப்பிலும் நேரான உடம்பு, நேரான கை, அக்குள் துண்டு இருக்கின்றன. இங்கிலாந்திலும் ஒல்லாந்திலும் 18ஆம் நூற்றாண்டுப் பெண் தன் கவுனுக்கு உள்ளே போட்ட வெள்ளை உட்சட்டையும் செவ்வகம், முக்கோணம், அக்குள் சதுரம் என்றே வெட்டப்பட்டது. துணியின் அகலமும் ஊசியும் எங்கும் ஒன்றாயிருந்தபோது, அறிவுள்ள பெண்கள் எங்கும் ஒரே விடையைக் கண்டுபிடித்தார்கள், அல்லது ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள். கோட்டைக்குள் ஒல்லாந்தப் பெண்ணின் உட்சட்டையும், படைவீரனின் மலாய மனைவியின் பாஜுவும், களப்புக் கரைச் சோனகப் பெண்ணின் குப்பாயமும் ஒரே கணக்கின் மூன்று வடிவங்கள்.

ஆகவே, "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்பவருக்கு என் பதில் இது. துணி சோழமண்டலத்தது. சாயம் இலங்கை, தமிழக மணலினது. பெயர் தமிழ். வெட்டு இந்து சமுத்திரம் முழுவதுக்கும் பொது. மறைவு வேண்டும் என்ற எண்ணம் நம் மார்க்கம் தந்தது. இந்த ஐந்தையும் ஒன்றாக வைத்துத் தைத்தது இங்கிருந்த பெண்ணின் கை. அவளுக்கு உடை இருக்கவில்லை என்பதும் பிழை, அது இரவல் என்பதும் பிழை. இன்று அபாயா உடுப்பவளும் சாரி உடுத்து முக்காடு போடுபவளும் அவளுடைய பேத்திகள்தான். தன் துணியைத் தானே தெரிந்து, தன் வெட்டைத் தானே யோசித்த ஒருத்தியின் பேத்திகளிடம், என்ன உடுப்பது என்று யாரும் மேலிருந்து கட்டளையிடுவது பொருத்தமில்லை.

பெட்டகத்தில் இருப்பது

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம் சகோதரர்களில் மிகப் பலர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலமே கொடுக்கப்பட்டது. உடுத்திருந்த உடையோடு வந்தவர்கள் அவர்கள். வீடும் நகையும் போனதை எல்லாரும் பேசினோம், எழுதினோம். பெட்டகத்தில் மடித்து வைத்திருந்த உம்மாவின் கலியாண உடுப்பு போனதை யாரும் எழுதவில்லை. தையலுக்கு வரும் பெண்களிடம் கதைக்கும்போது அந்த இழப்பு இன்னும் இருக்கிறது என்று தெரிகிறது. ஒருத்தி, "அந்தக் குப்பாயத்துல கழுத்துக்கு நீலக் கரை வைச்சிருந்தது" என்று சொல்லி விரலால் தன் கழுத்தைச் சுற்றிக் காட்டினாள். அவள் விரல் போன வழியையும் அளந்து எழுதிவைத்திருக்கிறேன்.

வாசகர்களிடம், முக்கியமாகச் சகோதரிகளிடம், ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய குப்பாயமோ, கம்பாயமோ, துப்பட்டியோ, கையால் தைத்த குழந்தைச் சட்டையோ இருந்தால் உடனே எறியவும் வேண்டாம், வெளுத்துப் பெட்டி போடவும் வேண்டாம். வெளிச்சத்தில் விரித்து, முன்னும் பின்னும் உட்புறமும் படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுநாடாவை வையுங்கள். கரையிலிருந்து கரைக்கு என்ன அகலம், அக்குளில் சதுரம் இருக்கிறதா, தோளில் தையல் இருக்கிறதா என்று பாருங்கள். யாருடையது, எந்த ஊர், எந்தக் கலியாணத்துக்கு என்பதை ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, பொலித்தீன் பை இல்லாமல் வைத்தால் பூஞ்சணம் குறையும்.

கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் வெளியிட்ட தன் இலங்கை அகராதியில் ஊர்களையும் ஆறுகளையும் துறைகளையும் ஒன்றுவிடாமல் வரிசைப்படுத்தினார். அதே மண்ணிலிருந்து நம் உடைகளுக்கும் அப்படி ஓர் அகராதி எழுதலாம். அதற்குரிய சொற்கள் இன்னும் மூத்தம்மாமாரின் வாயில் இருக்கின்றன, அவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்கவேண்டும்.